குப்பைக்கு இரண்டு பொருள்

தில்லியில் மூடுபனி அடர்ந்திருந்த ஒரு மார்கழிக் காலையில், எங்கள் குடியிருப்பில் குப்பை எடுக்க வரும் பெரியவர் வாசல் மணியை அடித்தார். அவர் மணி அடிக்கிற வழக்கமில்லை. கதவோரத்தில் வைத்திருக்கும் வாளியைத் தம்முடைய சாக்கில் கவிழ்த்துக்கொண்டு மாடிப்படி இறங்கிவிடுவார். அன்றைக்கு நான் கதவைத் திறந்ததும் வலது கையை நீட்டிக் காட்டினார். கட்டைவிரலின் அடியிலிருந்து மணிக்கட்டு வரையில் நீண்ட வெட்டு. அதன்மேல் சுற்றியிருந்த துணி நனைந்து சிவந்திருந்தது. கடிந்து ஒரு வார்த்தை பேசவில்லை. "மாதாஜி, கண்ணாடி உடைந்தால் தனியாகக் கொடுத்துவிடுங்கள்" என்று இந்தியில் சொன்னார்.

முதல் நாள் இரவு எங்கள் வீட்டில் ஓர் ஊறுகாய்ப் புட்டி உடைந்து போயிருந்தது. சில்லுகளைக் கூட்டி அள்ளிக் கத்தரிக்காய்க் காம்பும் காப்பிச் சக்கையும் கிடந்த வாளியிலே போட்டது நான்தான். அதன்மேல் மிஞ்சிப்போன சாம்பாரையும் ஊற்றினேன். சில்லு மறைந்தது. எனக்குத் தெரியாமற் போன பொருள் அவர் கைக்கும் தெரியாமற் போயிற்று. பக்கத்துத் தெரு டாக்டரிடம் அழைத்துப் போய் ஊசி போடச் செய்து, நான்கு தையலும் போட்டுக்கொண்டு வந்தோம். வழியில்தான் கேட்டறிந்தேன். கீழே கொண்டுபோனவுடன் அவரும் அவர் மகனும் உட்கார்ந்து அந்தக் கலவையைக் கையாலேயே துழாவிப் பிரிப்பார்களாம். காகிதம், பால் உறை, புட்டி, தகரம் ஆகியவற்றை விற்றுத்தான் அவர்களுக்கு வருமானம். எங்கள் குடியிருப்பு கொடுக்கும் மாதப் பணம் வண்டி வாடகைக்கே சரியாகிவிடும்.

நாற்பது குடும்பங்கள் தனித்தனியாக வாங்கிக்கொண்டு வந்த பொருள்களை ஒன்றாகக் கலந்து கொடுக்கிறோம். அவற்றை மறுபடி தனித்தனியாக்குவதற்கு ஒருவர் தம் கையைக் கொடுக்க வேண்டியிருக்கிறது. இன்று நான் உங்களோடு பேச நினைப்பது இந்தக் கலப்பைப் பற்றித்தான்.

தமிழில் குப்பை என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. நகரத்துத் தமிழர் அறிந்தது ஒன்று: வேண்டாதது, கழித்தது. நாட்டுப்புறத்தில் வளர்ந்தவர்கள் மற்றொன்றையும் அறிவார்கள். கும்பகோணத்திற்கு அருகே எங்கள் ஊரில், கொல்லையின் கோடியில் ஒரு குழி இருந்தது. மாட்டுச் சாணம், வைக்கோல் கூளம், அடுப்புச் சாம்பல், வாசல் பெருக்கிய மண், உண்ட இலை யாவும் அதிலே போய்ச் சேரும். கோடை முடிந்ததும் அதை வண்டி வண்டியாக வெட்டி அள்ளி வயலில் கொட்டுவார்கள். அதற்குக் 'குப்பை அடிப்பது' என்று பெயர். வயலுக்கு எத்தனை வண்டி குப்பை அடித்தாய் என்று ஒருவரையொருவர் கேட்பார்கள். அங்கே குப்பை என்றால் எரு, அதாவது செல்வம். அந்த மேட்டில் தானாக முளைப்பதற்குக் குப்பைக்கீரை, குப்பைமேனி என்று பெயர் வைத்து, ஒன்றைக் கறி சமைத்தும் மற்றொன்றை மருந்தாக அரைத்தும் பயன்படுத்தினார்கள்.

அந்தக் காலமே பொற்காலம் என்று சொல்வதற்காக நான் வரவில்லை. அந்தக் குழியில் ஈயும் கொசுவும் மொய்த்தன. மழைக்காலத்தில் அதன் சத்தெல்லாம் கரைந்து வாய்க்காலில் ஓடிற்று. அதை வெட்டிச் சுமக்கிற வேலை யாருடைய தலையில் விழுந்தது என்பதையும் நாம் அறிவோம். ஆயினும் ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்தக் குழியில் விழுந்ததில் மக்காத பொருள் ஏறக்குறைய எதுவுமே இல்லை. பித்தளையும் இரும்பும் பழைய பாத்திரக்காரரிடம் போயின. கண்ணாடிப் புட்டி கிடைத்தால் எண்ணெய்க்கு வைத்துக்கொண்டார்கள். குழியைப் பிரித்து வைக்கும் அறிவு நம் முன்னோருக்கு இருந்தது என்று பெருமை கொள்வதற்கில்லை; பிரிக்க வேண்டிய அவசியமே அவர்களுக்கு ஏற்படவில்லை.

பிழைப்பைத் தேடி நாம் வெளி மாநிலங்களுக்கு வந்தோம். கொல்லைப்புறம் ஊரோடு நின்றுவிட்டது. மூன்றாம் மாடியில் இரண்டு அறையும் ஒரு பால்கனியும் வாய்த்தன. குழியின் இடத்தில் ஒரு பிளாஸ்டிக் வாளி வந்து சேர்ந்தது. வாளி எங்கே போகிறது என்று கேட்பவர் குறைவு. நானும் கேட்டதில்லை.

எங்கள் பகுதியிலிருந்து போவது நகரத்தின் கிழக்கு எல்லையில் உள்ள காஜிப்பூருக்கு. அங்கே 1984-இல் குப்பை கொட்டத் தொடங்கினார்கள். 2002-லேயே அது நிறைந்துவிட்டது. நிறைந்த பிறகும் கொட்டுவது நிற்கவில்லை. 2019 வாக்கில் அந்தக் குன்றின் உயரம் 65 மீட்டரைத் தொட்டது. குதுப் மினாரின் உயரமே 73 மீட்டர்தான் என்பதை நினைத்துப் பாருங்கள். 2017 செப்டம்பர் 1-ஆம் தேதி அதன் ஒரு பக்கம் சரிந்து, கீழே இருந்த சாலையிலும் கால்வாயிலும் விழுந்தது. வழியோடு போய்க்கொண்டிருந்தவர்களில் இரண்டு பேர் உயிரிழந்தார்கள். நகரத்தின் வடக்கே பல்ஸ்வாவில் உள்ள மற்றொரு குன்று 2022 ஏப்ரலில் தீப்பற்றிப் பல நாள் எரிந்தது. பம்பாயில் வசிக்கும் நேயர்களுக்குத் தேவனார் நினைவுக்கு வரும். 1927 முதல் கொட்டப்படும் அந்த மேடு 2016 ஜனவரியில் பற்றிக்கொண்டபோது, செம்பூரிலும் கோவண்டியிலும் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக முடியாமல் இருமிக்கொண்டு கிடந்தார்கள்.

சாம்பாரும் வாழைப்பழத் தோலும் ஈரமானவை அல்லவா? அவை எப்படித் தீப்பிடிக்கும்? இதற்கு விடை தெரிந்தால் மற்றது யாவும் விளங்கிவிடும்.

செடியிலிருந்தும் விலங்கிலிருந்தும் வந்த எந்தப் பொருளும் கடைசியில் நுண்ணுயிர்களுக்கு உணவாகிறது. அந்த நுண்ணுயிர்களில் இரண்டு கூட்டம் உண்டு. ஒரு கூட்டத்திற்குப் பிராணவாயு வேண்டும். நாம் சோறு உண்டு மூச்சு விடுவது போலவே அவையும் கத்தரிக்காய்க் காம்பை உண்டு மூச்சு விடுகின்றன. அவற்றின் மூச்சில் கரியமில வாயுவும் நீராவியும் வெளிவருகின்றன, உஷ்ணம் பிறக்கிறது, மிச்சமாக நிற்பது கறுத்து உதிரும் மக்கு. மழை பெய்த தரையின் மணம் அதற்கு உண்டு. மற்றொரு கூட்டத்திற்குப் பிராணவாயு ஆகாது. காற்றுப் புகாத இடத்தில்தான் அவை வேலை செய்யும். அவை வெளியிடுவது மீதேன் என்ற எரிவாயு. கூடவே அழுகிய முட்டை போல நாறும் கந்தக வாயுக்கள்.

சாண எரிவாயுக் கலத்தில் நாம் வேண்டுமென்றே இந்த இரண்டாம் கூட்டத்தை வேலைக்கு வைத்து, மீதேனைக் குழாயில் பிடித்து அடுப்பெரிக்கிறோம். குப்பைக் குன்றில் பிடிப்பவர் யாருமில்லை. நாம் பிளாஸ்டிக் பைக்குள் போட்டு வாயை முடிந்து அனுப்பிய காய்கறித் தோல், அதன்மேல் இன்னொரு பை, அதன்மேல் இன்னொரு லாரி என்று அமுக்கப்பட்டுக் காற்றே இல்லாமல் கிடக்கிறது. மீதேன் ஊறிக் கசிகிறது. ஒரு பொறி பட்டால் பற்றுகிறது. பிளாஸ்டிக்கும் துணியும் அந்தத் தீயை வளர்க்கின்றன. பற்றாமல் வானத்தில் கலந்தாலும் நன்மையில்லை. நூறாண்டுக் கணக்கில் பார்த்தால், எடைக்கு எடை கரியமில வாயுவைப் போல ஏறக்குறைய 28 மடங்கு இது பூமியைச் சூடேற்றும். கீழேயோ, கறுப்பான சாறு ஒன்று ஊறுகிறது. பழைய பாட்டரியிலும் வர்ணத்திலும் உள்ள உலோகங்களை அது கரைத்துக்கொண்டு நிலத்தடி நீரில் இறங்குகிறது.

ஆகவே, கத்தரிக்காய்க் காம்பு ஒன்றுதான். காற்றோடு இருந்தால் அது மண்ணாகிறது. வேறு பொருள்களோடு கட்டுண்டு கிடந்தால் நஞ்சாகிறது. கலப்பதுதான் குற்றம்.

காற்றுள்ள வழியை முறையான விஞ்ஞானமாக வகுத்தது நம் நாட்டில்தான். மத்தியப் பிரதேசத்து இந்தூரில் வசிக்கும் தமிழர்களுக்கு இது தெரிந்திருக்கலாம். ஆல்பர்ட் ஹோவார்டு என்ற ஆங்கிலேயத் தாவர நூலறிஞர் 1905-இல் பீகாரிலுள்ள பூஸா ஆராய்ச்சி நிலையத்திற்கு வந்தார். அவருடைய மனைவி காப்ரியேலும் தாவர நூலில் வல்லவர். இருவரும் சேர்ந்தே வேலை செய்தார்கள். 1924-இல் இந்தூரில் பயிர்த்தொழில் நிலையம் ஒன்றை அமைத்துக்கொண்டு 1931 வரை அங்கே இருந்தார் ஹோவார்டு. காப்ரியேல் 1930-இலேயே காலமாகிவிட்டார். இந்தியக் குடியானவர்களும் பயிரைத் தின்னும் பூச்சிகளும்தான் தமக்கு வேளாண்மை கற்பித்த ஆசிரியர்கள் என்று ஹோவார்டு எழுதியிருக்கிறார். சீன நாட்டு உழவர்கள் கழிவையெல்லாம் நிலத்திற்கே திருப்பி வந்த முறையையும் அவர் படித்தறிந்திருந்தார்.

அவரும் யஷ்வந்த் வாட் என்ற இந்திய விஞ்ஞானியும் சேர்ந்து 1931-இல் வெளியிட்ட நூலில் இந்தூர் முறை விளக்கப்பட்டிருக்கிறது. செத்தை, மாட்டுக் கொட்டிலில் பரப்பிய கூளம், சாணம், கோமியம் ஊறிய மண், சாம்பல் இவற்றை ஆழமில்லாத குழியில் அடுக்க வேண்டும். ஆழமாக இருந்தால் அடியில் காற்றுப் புகாது. ஈரம் குறையாமல் தெளித்து, மூன்று மாதத்தில் மூன்று தடவை புரட்டிப் போட வேண்டும். குவியலுக்குள் உஷ்ணம் 60 டிகிரிக்கு மேலும் ஏறும். களை விதையும் நோய்க் கிருமியும் அந்தச் சூட்டில் செத்துவிடும். இந்தூர்ப் பக்கத்தில் பருத்தி அதிகம். பருத்திமாரோ கட்டையானது, எளிதில் மக்காது. ஹோவார்டு அதைப் பண்ணைச் சாலையில் பரப்பிவிட்டார். போகிற வருகிற வண்டிச் சக்கரங்கள் அதை நசுக்கிப் பஞ்சாக்கின. யந்திரம் வாங்கப் பணம் கேட்டு அவர் மேலிடத்துக்கு எழுதிக்கொண்டிருக்கவில்லை என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

1939-இல் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் சி. என். ஆசார்யா வேறொரு வழி கண்டார். நகரத்துக் குப்பையையும் மலக்கழிவையும் அகழியில் மாறி மாறி அடுக்கி, மண்ணால் மூடி, புரட்டாமலே பல மாதம் விட்டுவைப்பது அது. பல நகரசபைகள் அதைக் கைக்கொண்டன. கல்கத்தாவின் கிழக்கே தாபாவில் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்தே நகரத்துக் குப்பை மக்கிய நிலத்தில் காய்கறி பயிரிடுகிறார்கள். அதை அடுத்த ஏரிகளில் நகரத்துக் கழிவுநீரைக் கொண்டே மீன் வளர்க்கிறார்கள். அந்த ஈரநிலங்கள் 2002-இல் ராம்சார் உடன்படிக்கையின் பட்டியலில் இடம் பெற்றன. அவற்றின் அருமையை உலகிற்கு எடுத்துக்காட்டியவர் துருபஜோதி கோஷ் என்ற வங்காளப் பொறியியலறிஞர். ஆனால் முன்னாளில் அங்கே போனது வெறும் அடுக்களைக் கழிவு. இப்பொழுது பாட்டரியும் பிளாஸ்டிக்கும் சேர்ந்து போகின்றன. அதனால் மண்ணிலும் காயிலும் ஈயம் முதலிய உலோகங்கள் சேருவதைக் கண்டு ஆராய்ச்சியாளர்கள் கவலைப்படுகிறார்கள். நூறாண்டு நன்றாக நடந்த ஓர் ஏற்பாட்டைக் கூடக் கலப்பு கெடுத்துவிடும்.

யந்திரசாலை கட்டினால் போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. நம் நகரங்கள் பலவற்றில் எருச்சாலைகள் கட்டி மூடியதுதான் மிச்சம். கலந்து வந்த குப்பையில் செய்த எருவில் கண்ணாடித் துண்டும் பிளாஸ்டிக் கிழிசலும் இருந்தன. வெறுங்காலோடு சேற்றில் இறங்கி நடவு செய்கிறவர் அதை எப்படி விலை கொடுத்து வாங்குவார்? எங்கள் குடியிருப்புப் பெரியவரின் கையைக் கிழித்த அதே சில்லு, இன்னும் பத்து மைல் பயணம் செய்து இன்னொருவருடைய காலைக் கிழிக்கக் காத்திருக்கிறது.

ஹோவார்டின் இந்தூர் இந்த விஷயத்தில் மீண்டும் வழிகாட்டியிருக்கிறது. 2016-ஐ ஒட்டி அந்நகரத்தில் வீடுதோறும் ஈரக் குப்பையையும் உலர் குப்பையையும் தனித்தனியே வாங்கும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தார்கள். கலந்து கொடுத்தால் வண்டிக்காரர் வாங்குவதில்லை. 2017-லிருந்து ஆண்டுதோறும் தூய்மைக் கணக்கெடுப்பில் அந்நகரம் முதலிடம் பெற்று வந்தது. 2022 பிப்ரவரியில் அங்கே நாளொன்றுக்கு 550 டன் ஈரக் குப்பையிலிருந்து எரிவாயு எடுக்கும் நிலையம் திறக்கப்பட்டது. அந்த வாயுவில் நகரப் பேருந்துகளை ஓட்டினார்கள். நிலையம் பெரியதுதான், ஆனால் அதற்கு வரும் ஈரக் குப்பை சுத்தமாக இருப்பதால்தான் அது ஓடுகிறது. அந்தச் சுத்தம் பல இலட்சம் அடுக்களைகளில் உண்டாகிறது.

இனி என் அடுக்களைக்கு வருகிறேன். கை வெட்டுப்பட்ட பெரியவரைப் பார்த்த பிறகு, மூன்று மண் தொட்டிகள் வாங்கினேன். குயவரிடம் சொல்லிப் பக்கங்களில் துளை போடச் செய்தேன். தேங்காய்ப் பத்தை, காய்த் தோல், காப்பிச் சக்கை, மிஞ்சிய ரசம் எல்லாவற்றையும் முதல் தொட்டியில் போட்டு மூடி வைத்தேன். மூன்றாம் வாரம் அதைத் திறக்க முடியவில்லை. புழு நெளிந்தது, நாற்றம் படியிறங்கிக் கீழ் வீடு வரை போயிற்று. கீழ் வீட்டுப் பஞ்சாபி அம்மையார் மேலே வந்து, "உங்கள் ஊர்ச் சமையலா இது?" என்று கேட்டார். ஊருக்கே அவப்பெயர் வாங்கிக் கொடுத்தோமே என்று எனக்கு வெட்கமாகிவிட்டது.

ஊரில் எருக்குழியைப் பார்த்தே வளர்ந்தவள் செய்த தவறு என்ன? குழியில் வைக்கோலும் சருகும் இருந்தன. என் தொட்டியில் இல்லை. நுண்ணுயிர்களுக்குக் கரிச்சத்தும் வேண்டும், நைட்ரஜன் சத்தும் வேண்டும். முப்பது பங்கு கரிக்கு ஒரு பங்கு நைட்ரஜன் என்பது அவற்றின் பத்தியம். பச்சைத் தோலிலும் காப்பிச் சக்கையிலும் நைட்ரஜன் மிகுதி. சருகிலும் தேங்காய் நாரிலும் கரி மிகுதி. ஒரு கைப்பிடி ஈரத்திற்கு இரண்டு கைப்பிடி உலர்ந்தது என்று போட்டால் கணக்கு ஏறக்குறையச் சரியாகிவிடும். உலர்ந்த சருகு நடுவே இருந்தால் காற்றும் புகும். ஈரம், துவைத்துப் பிழிந்த துணி அளவுக்கு இருந்தால் போதும்.

தில்லியில் சருகுக்குப் பஞ்சமில்லை. மாசி பங்குனியில் வேம்பும் அரசும் உதிர்க்கிற இலை தெருவையே மூடிவிடும். முன்பெல்லாம் அதைக் குவித்துக் கொளுத்துவார்கள். 2015-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், திறந்த வெளியில் குப்பையும் சருகும் எரிப்பவருக்கு 5,000 ரூபாய் தண்டம் விதித்தது. சாக்கோடு போய்க் கேட்டால் பெருக்குகிறவர் மகிழ்ச்சியோடு வாரிக் கொடுக்கிறார்.

நம் சமையலுக்கென்று சில குறிப்புகள் சொல்ல வேண்டும். காப்பிச் சக்கை தங்கம். எவ்வளவு போட்டாலும் தகும், சருகு மட்டும் கூடச் சேர வேண்டும். வாழைப்பூ மடலும் கறிவேப்பிலைக் காம்பும் விரைவில் மக்கும். மென்று துப்பிய முருங்கைச் சக்கை சற்றுப் பிடிவாதம் செய்யும். புளிச் சக்கை கொஞ்சமாக இருக்கலாம். ஊறுகாயும் எண்ணெய்ப் பண்டமும் வேண்டாம். சாம்பார் முதலியவற்றை வடிகட்டிவிட்டுக் காயை மட்டும் போடுங்கள். மீனும் இறைச்சியும் சமைப்பவர்கள் அவற்றின் கழிவைப் பால்கனித் தொட்டியில் சேர்க்காமல் இருப்பது நல்லது, எலி வரும். பூஜைப் பூவில் நார் வாழைநாரா நைலானா என்று பார்த்துப் போடுங்கள். ஆடிப்பெருக்கிற்குப் போட்ட ஒரு மாலை மக்கி மறைந்த பிறகு, அதன் நைலான் நார் மட்டும் முழுசாக என் கையில் வந்தது. தேங்காய் ஓட்டைப் பற்றிக் கேட்காதீர்கள். முதல் ஆண்டு போட்ட ஓடு இன்றும் அப்படியே இருக்கிறது.

எங்கள் வீட்டில் நான்கு பேர். நாளொன்றுக்கு 700 கிராம் அடுக்களைக் கழிவு விழுவதை நிறுத்துப் பார்த்தேன். மூன்று மாதத்தில் 60 கிலோவுக்கு மேல் ஆகிறது. கிடைத்த எரு 12 கிலோ. மற்றது எங்கே என்று என் பேத்தி கேட்டாள். பெரும்பகுதி தண்ணீர், அது ஆவியாகிப் போயிற்று. ஒரு பகுதியை நுண்ணுயிர்கள் மூச்சாக விட்டுவிட்டன. சிறிய தொட்டியில் ஹோவார்டின் சூடு ஏறாது. ஆகையால் விதைகள் சாவதில்லை. எருவைப் பரப்பிய பூந்தொட்டிகளிலெல்லாம் தக்காளியும் பரங்கியும் முளைத்தன. குளிர்காலத்தில் எல்லாம் உறங்கிவிடும். மூன்று மாத வேலை ஐந்து மாதமாகும். கோடையில் காய்ந்துவிடும், புளித்த மோரைத் தண்ணீரில் கலந்து தெளிக்கிறேன். எருவிட்ட கறிவேப்பிலைச் செடி இப்பொழுது என் தோள் உயரம். தில்லியில் கறிவேப்பிலைக்காகக் கரோல் பாக் வரை போனவர்களுக்கு அதன் மதிப்புத் தெரியும்.

மக்காதவற்றைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். அவற்றில் பலவற்றிற்கு வட நாட்டில் நல்ல வழி இருக்கிறது. கபாடிவாலா தராசோடு வாசலுக்கே வருகிறார். உடைந்த கண்ணாடி பிரோஸாபாத்துக்குப் போய் வளையலாகிறது. முதல் குளிர்காலத்தில் நாம் அவசரமாக வாங்கிய கம்பளிச் சட்டை, நைந்த பிறகு பானிப்பட்டில் பிரிக்கப்பட்டுப் போர்வையாகிறது. பம்பாய்த் தாராவியின் பதின்மூன்றாம் காம்பவுண்டில் பிளாஸ்டிக்கை நிறம் வாரியாகப் பிரித்து அரைத்து உருக்குகிறார்கள். திருநெல்வேலிச் சீமையிலிருந்து போன நம்மவர் பலர் வாழ்வது அந்தத் தாராவியில்தான். பழைய அலுமினியத்தை உருக்க, தாதுப்பொருளிலிருந்து புதிதாக எடுப்பதற்கு ஆகும் மின்சக்தியில் ஐந்து சதவீதம் போதும். எனினும் ஒன்றை மறக்கலாகாது. கண்ணாடியும் அலுமினியமும் எத்தனை முறை உருக்கினாலும் குணம் மாறாதவை. காகிதத்தின் நார் ஒவ்வொரு முறையும் குட்டையாகி, ஐந்தாறு முறைக்குப் பின் பயனற்றுப் போகும். பிளாஸ்டிக்கோ ஒவ்வொரு சுற்றிலும் தரம் இறங்கும். கடைசியில் மண்ணாகாமல் பொடிப் பொடியாகச் சிதறும். எனவே கபாடிக்காரர் இருக்கிறாரே என்று பிளாஸ்டிக்கைத் தாராளமாக வாங்குவது சரியான கணக்கன்று. பிஸ்கட்டும் வறுவலும் சுற்றி வரும் பளபளப்பான உறையை அவரே வாங்குவதில்லை. பிளாஸ்டிக்கும் அலுமினியமும் ஒன்றோடொன்று ஒட்டியிருப்பதால் பிரிக்க முடியாது.

நம் கலியாணங்களில் சில ஆண்டுகளாக ஒரு வேடிக்கையைக் காண்கிறேன். வாழையிலை கிடைக்கவில்லை என்று, பச்சை வர்ணத்தில் இலை நரம்பெல்லாம் அச்சிட்ட காகித இலையைப் போடுகிறார்கள். அதன்மேல் மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு இருக்கிறது. அதை மாடு தின்ன முடியாது. மண் தின்ன முடியாது. கபாடிக்காரரும் எடுக்க மாட்டார். வாழையிலை கிடைக்காத ஊரில் தையலிலை கிடைக்கும். மத்தியப் பிரதேசத்திலும் ஒரிஸாவிலும் சால் இலையில் தைத்த தொன்னையும் தட்டும் சந்தையில் விற்கின்றன. நான்கு மாதத்தில் அவை மண்ணோடு மண்ணாகிவிடும்.

பிளேடு, ஊசி, காலாவதியான மருந்து, பாட்டரி, குழல்விளக்கு இவற்றைத் தனி டப்பாவில் வையுங்கள். 2016-இல் மத்திய அரசு வெளியிட்ட விதிகள், ஈரம், உலர்ந்தது, ஆபத்தானது என்று மூன்றாகப் பிரித்துக் கொடுப்பது வீட்டுக்காரர் கடமை என்று வகுத்தன. உடைந்த கண்ணாடியைத் தடித்த காகிதத்தில் சுற்றி, மேலே இந்தியிலோ அந்தந்த ஊர் மொழியிலோ 'கண்ணாடி' என்று எழுதிக் கையில் கொடுங்கள். எங்கள் பெரியவருக்கு எழுத்துப் படிக்கத் தெரியாது; ஆகையால் நான் சிவப்பு நூலைக் கட்டிக் கொடுக்கிறேன்.

அவருடைய கை ஆறிவிட்டது. கட்டைவிரல் மட்டும் முன்போல மடங்குவதில்லை. எங்கள் குடியிருப்பின் நாற்பது குடும்பங்களில் இப்பொழுது பதினேழு குடும்பங்கள் பிரித்துக் கொடுக்கின்றன. கீழ் வீட்டு அம்மையார் சென்ற கோடையில் தாமும் இரண்டு தொட்டி வாங்கினார். தேயிலைச் சக்கை காப்பிச் சக்கையைவிட மேலானது என்பது அவர் கட்சி. இன்னும் ஒரு மாதத்தில் வேப்பிலை உதிரத் தொடங்கும். போன ஆண்டு சாக்கு போதவில்லை. இந்தத் தடவை நான்கு சாக்குகள் தைத்து வைத்திருக்கிறேன்.